மாலா சொன்ன ஆமா

திங்கள், 4/8
காலையிலிருந்து புகைமூட்டம். துணி காயவில்லை. மாலாவுக்கு இருமல்.

அண்ணன் ராவாங்கிலிருந்து போன். அம்மா போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் தங்கை மாலாவுக்கு இடம் பார்த்துவிட்டார். கோலா குபு பாரு பக்கம் ஒரு மாற்றுத்திறனாளிகள் இல்லம். "நீ கேண்டீன் வேலைக்குப் போயிட்டா அவள யாரு பாப்பா? அவளுக்கு என்னா தெரியும்? நல்லதுக்குத்தான் சொல்றேன்லா."

மாலாவுக்கு முப்பத்தெட்டு வயது. மூளை வளர்ச்சி மெதுவென்று ஓகேயு கார்டு, மாற்றுத்திறனாளி அட்டை, கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவளுக்குப் போக விருப்பமில்லை. இல்லம் என்ற பேச்சு வந்தாலே முகம் மாறுகிறது.

வாங்க: இருமல் மருந்து, வெங்காயம், சோப்பு.

வியாழன், 7/8
கோயில் மண்டபத்தில் மாற்றுத்திறனாளிகள் சங்கத்துப் பெண் ஒருத்தி பேசினாள். பிறகு தனியாகப் போய் மாலா விஷயத்தைக் கேட்டேன். "அவங்களுக்காக நீங்க முடிவு பண்ணாதீங்கக்கா. அவங்க முடிவு பண்ண ஒத்தாசையா இருங்க. அது அவங்க உரிமை."

இல்லத்துக்கு டாக்டர் சான்று வேண்டும். மாலா எப்படிப் பேசுவாள் என்று எழுதி டாக்டரிடம் கொடுக்கச் சொன்னாள் அந்தப் பெண். எழுதினேன்:
– வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. சிலிப்பரைக் கழற்றிவிடுவாள். அப்புறம் லோரி வைத்து இழுத்தாலும் நகர மாட்டாள்.
– யார் என்ன கேட்டாலும் முதலில் ஆமா. அம்மா பழக்கியது. எஸ்டேட் ஆபீஸ் கிராணி கேட்டால் எல்லாருமே அப்படித்தான்.
– காத்திருந்தால் சரியான பதில் வரும்.

பள்ளிப் பிள்ளை கட்டுரை மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

புதன், 13/8
ஆஸ்பத்திரி. எங்கள் நம்பர் வர 11.30. டாக்டர் சின்ன வயது, நல்ல மாதிரி. அவர் மலாயில் கேட்க, அண்ணன் தமிழில் கேட்டார்.
"இல்லத்துல போய் இருக்கியாம்மா?"
"ஆமா."
நான் குறுக்கே விழுந்தேன். "அக்காகூட வீட்லயே இருக்கியா?"
"ஆமா."

டாக்டர் எழுத ஆரம்பித்தார். மாலா குனிந்து இரண்டு சிலிப்பரையும் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். அறைக்குள் வந்ததற்கு மரியாதை என்று டாக்டர் நினைத்தார் போல. போட்டுக்கொள்ளலாம், பரவாயில்லை என்று சிரித்தார்.

என் தாளை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழில் எழுதியிருக்கிறேன், மடச்சி. அண்ணனிடம் கொடுத்து என்ன என்று கேட்டார். அண்ணன் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல டாக்டர், அவ சாப்பாட்டு விவரம்."

சான்றில் டாக்டர் எழுதியது: சுயமாக முடிவெடுக்க இயலாதவர். இரண்டு வரி. கீழே அண்ணன் கையெழுத்து.

ஞாயிறு, 17/8
சங்கத்துப் பெண்ணுக்குப் போன். வக்கீல் வைக்கலாமாம், மாதக்கணக்கில் ஆகுமாம். இல்லத்தில் இடம் இந்த வாரம்தான். "சட்டம்னு ஒண்ணு இருக்குக்கா, ஆனா..."

அண்ணனிடம் சண்டை. "சரி, வேலைய விட்டுட்டு நீயே பாத்துக்கறியா?" என்றார். நான் போய் நாளைக்குப் போடும் கேண்டீன் உடுப்பைத் தேய்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

புதன், 20/8
மாலாவை இல்லத்துக்குக் கூட்டிப்போகப் பத்து மணிக்கு அண்ணன் வருகிறார். அங்கே நான்கு உடுப்புக்குத்தான் இடமாம். வழக்கம்போல நானே எடுத்து வைக்கப் போனேன், கை வரவில்லை. எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, "எது வேணும்?" என்றேன். காத்திருந்தேன்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை, நான்கையும் எடுத்துவிட்டாள். அம்மாவின் கைலி. பச்சைப் பாவாடை. பூப்போட்ட கவுன். எனக்குப் பிடிக்காதென்று நான் அடியில் போட்டு வைத்திருந்த ஆரஞ்சுச் சட்டை.

இதற்கு முன் ஒரு நாளும் நான் அவளைக் கேட்டதில்லை. கார் வந்துவிட்டது.