மணி அடித்தவரை விசாரிக்கவும்

என் செல்ல வாலுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று போன கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய், ஒரே இடத்தில் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். கோபித்துக்கொள்ளாதே, இன்சூரன்ஸ் ஆபீசில் நஷ்டஈட்டுப் பிரிவில் உட்கார்ந்து இருபத்தாறு வருஷமாக ஊரார் விபத்தையெல்லாம் படித்துப் படித்து என் புத்தி இப்படி ஆகிவிட்டது. சித்தப்பா பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார், அதில் ஒரு கதவு மட்டும் கொஞ்சம் வெளிறின நிறம், வெயில் பட்டு வெளுத்துப்போச்சுன்னு வித்தவன் சொன்னானாம், வெயில் என்ன ஒரு கதவை மட்டும் தேடிப் பிடிச்சு அடிக்குமான்னு நான் கேட்டதிலிருந்து சித்தி என்னோடு பேசுவதில்லை. மாடிக்குப் புதிதாக ஒருவர் குடிவந்திருக்கிறார், பல் டாக்டராம், ஒரு மாசம் ஆகிறது, அவர் பல் தெரியச் சிரித்து நான் இன்னும் பார்க்கவில்லை, அதில் என்னவோ இருக்கிறது. அப்பாவுக்குக் குளிருக்குக் கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி டெப்போவில் பஸ் வருகிற நேரம் போகிற நேரம் எழுதிக்கொண்டு வழக்கம்போல உட்கார்ந்திருக்கிறார்.

நீ மூன்று லீவாக வீட்டுக்கு வரவில்லை. முதல் லீவுக்குப் பரீட்சை, இரண்டாவதுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, மூன்றாவதுக்கு அறைத்தோழிக்குக் காய்ச்சல். மூன்றும் கச்சிதமான காரணம். என் மேசைக்கு வருகிற விண்ணப்பம் இப்படி ஓட்டை ஒடிசல் இல்லாமல் இருந்தால் அதைத்தான் முதலில் தனியாக எடுத்து வைப்பேன். காதல் கீதல் என்று ஏதாவது இருக்குமோ என்று சந்தேகப்பட்டு அப்பாவிடம் சொன்னால், இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே, நீ ஏன் அதுக்கு ஒரு ஃபைல் திறக்கறேன்னு கேட்கிறார். பிறகு என் சந்தேகம் உன் பாடத்தின் மேல் போனது. இந்தப் பருவத்தில் அமெரிக்கச் சிறுகதை என்று ஒரு தாள் எடுத்திருப்பதாக எழுதியிருந்தாய், அந்தக் கதைகளில் முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்களாம், விட்டதைத்தான் நாம் படிக்க வேண்டுமாம், உங்கள் பேராசிரியை அப்படிச் சொல்லித்தருகிறாராம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வயசுப் பெண்களுக்குச் சொல்லாமல் மறைக்கத் தெரியாது என்றா காலேஜில் அதற்குப் பாடம் வேறு நடத்துகிறார்கள்? என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று நம் தெரு நூலகத்துக்குப் போய், நூலகர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்க்க, ஒரு தொகுப்பு எடுத்துவந்து படித்தேன். ஒருத்தன் வேலை போய் வீட்டுக்கு வருகிறான், பெண்டாட்டி தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள், இவன் போய்க் குழாயை மூடுகிறான், அவ்வளவுதான், கதை முடிந்துவிட்டது. பக்கம் கிழிந்துபோயிருக்கிறதோ என்று எண்ணைச் சரிபார்த்தேன், எல்லாம் வரிசையாக இருந்தது. இந்த மாதிரி எங்கள் ஆபீசுக்கு எழுதி அனுப்பினால் "முழுமையற்றது" என்று முத்திரை குத்தி மறு தபாலில் திருப்பிவிடுவோம். ஆனால் அந்தக் குழாயை மூடினவன் இரண்டு நாள் என் கூடவே ஆபீசுக்கு வந்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் பார்சல் வந்தது. நான் வாங்கி அனுப்பின ஸ்வெட்டர், அளவு சரியில்லை, மாத்திக் கொடும்மான்னு எழுதியிருந்தாய். மடிப்பைப் பிரித்தால் உள்ளே நாலு தாள், உன் கையெழுத்து, ஓரமெல்லாம் பேராசிரியையின் சிவப்பு மை. வகுப்புக்காக நீயே எழுதின கதை. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மறந்து வைத்தாயா, தெரிந்தே வைத்தாயா? மறந்து வைத்த தாள் ஸ்வெட்டரின் இரண்டு கைக்கும் நடுவில் இவ்வளவு ஒழுங்காக மடிந்து உட்காராது. சரி, அம்மா படிக்கட்டும் என்றுதான் வைத்தாய் என்று எடுத்துக்கொண்டு படித்தேன். ஒன்பது வயசுப் பெண் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அப்பா மேலே நின்று பல்பு மாற்றுகிறார். வாசல் மணி அடிக்கிறது, விடாமல் நாலு தடவை. பெண் ஏணியிலிருந்து கையை எடுக்கிறாள். அடுத்த பத்தியில் அந்த அப்பா, அதுவரை பெரிய பஸ் ஓட்டினவர், ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டுகிற பஸ்ஸின் நேரத்தை எழுதுகிறார். பெண் வளர்ந்து தூரத்து ஊருக்குப் படிக்கப் போகிறாள், வீட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. முடிந்தது. ஓரத்தில் உங்கள் பேராசிரியை, மணி அடித்தது யார் என்று சொல்லாமல் விட்டது மிக நன்று என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. எது நன்று? சம்பவம் நடந்த நேரத்துக்கு வாசலுக்கு வந்த ஒரே ஆள், அவரை விசாரிக்காமல் எந்தக் கோப்பையும் நான் மூடியதில்லை. பழக்கதோஷம், பென்சிலை எடுத்துச் சிவப்பு மைக்குப் பக்கத்திலேயே மணி அடித்தவரை விசாரிக்கவும் என்று எழுதிவிட்டேன். எழுதிப் புள்ளி வைத்த பிறகுதான் கை அப்படியே நின்றது. வாலு, அன்றைக்கு மணி அடித்தது நான்தானே. சாவியை ஆபீஸ் மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன், இரண்டு கையிலும் பை, எனக்குத்தான் பொறுமை என்பதே கிடையாதே, ஒரு தடவை அடிக்க வேண்டிய இடத்தில் நாலு தடவை அடிப்பேன். நீ ஓடிவந்து திறந்தாய், கதவு திறக்க இவ்வளவு நேரமாடின்னு திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அப்போதுதான் கூடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. ஊரில் உள்ள ஒருத்தரையும் விடாமல் சந்தேகப்படுகிறவளுக்குப் பதினாலு வருஷத்தில் ஒரு நாள்கூட இது தோன்றவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, அதை என் வாயால்தான் சொல்ல வேண்டும். அப்பாவின் விபத்துப் பாலிசியில் நஷ்டஈடு கேட்டு விண்ணப்பம் எழுதினது நான். எந்த வரியில் ஆபீஸ்காரன் பேனா நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வயசுக் குழந்தை ஏணியைப் பிடித்திருந்தது என்று எழுதினால் கவனக்குறைவு என்று குறித்து வருஷக்கணக்கில் இழுத்தடிப்பார்கள், அப்பாவோ ஆஸ்பத்திரியில் காலில் கம்பியோடு கிடக்கிறார். அதனால் அருகில் யாரும் இல்லை, மகள் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள் என்று எழுதினேன். விசாரிக்க ஆள் வருவார் என்று அதே வாக்கியத்தை உனக்கும் சொல்லிக்கொடுத்தேன், மூன்று நாள், தலை வாரும்போதெல்லாம். அவர் வந்தபோது நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தாய், கெட்டிக்காரிடி என் பொண்ணுன்னு உச்சி முகர்ந்தேன். எனக்கு அது ஒரு படிவம், கோப்பு மூடினதோடு விஷயமும் மூடிவிட்டது என்று இருந்துவிட்டேன். உனக்கு அது என்னவாக இருந்தது என்று கேட்கவே இல்லை. அம்மாவே பொய் சொல்லி மறைக்கிறாள் என்றால் நாம் செய்தது எவ்வளவு பெரிய தப்பாக இருக்க வேண்டும் என்றுதானே அந்த வயசில் நினைத்திருப்பாய்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், ஒரு குற்றமும் செய்யாத நெஞ்சில் அந்தக் குறுகுறுப்பைக் கொண்டுபோய் வைத்தவள் நான்.

அப்பாவிடம் நேற்று காலையில் தாளைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார், எழுத்து நல்லாத்தான் இருக்குன்னு சொல்லி மடித்து வைத்துவிட்டு டெப்போவுக்குக் கிளம்பப் பார்த்தார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர், உனக்குத் தெரியாதா, செருப்பை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டு கேட்டேன். கடைசியில், அவளா எங்க விட்டுட்டுப் போனா? ‘பாப்பா, யாருன்னு போய்ப் பாரு, உங்கம்மாவாத்தான் இருக்கும், இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டா கதவையே உடைச்சுடுவா’ன்னு நான்தானே அனுப்பினேன் என்றார். ஏன் இத்தனை வருஷம் சொல்லலைன்னு கேட்டால், நீதான் அவ ரூம்ல படிச்சுட்டிருந்தான்னு எழுதிக் கொடுத்துட்டியே, நான் வேற ஒண்ணு சொன்னா உனக்கு வேலையில சிக்கல் வராதா, குழந்தைக்குத்தான் தெரியுமே, நான் சொன்னதைத்தானே அது செஞ்சுதுன்னு இருந்துட்டேன் என்கிறார். பஸ் ஓட்டாததில் தனக்கு வருத்தமே இல்லை, உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் சுகம் என்றும் சொன்னார். அதை நான் நம்பவில்லை, நீயும் நம்ப வேண்டாம். வருத்தம் இருக்கிறது, ஆனால் அதை உன்மேல் அவர் ஒரு நாளும் வைத்ததில்லை. யாரையும் நம்பாத உன் அம்மா சொல்கிறேன், இதை நம்பு.

அவர் உன்னை அனுப்பினது கதையில் இல்லை. நிஜமாகவே மறந்துபோச்சா, அப்பாவைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று விட்டாயா? மணி அடித்தது நான் என்பதையும் விட்டிருக்கிறாய், அது மறதியாக இருக்க வழியே இல்லை. பெற்றவர்கள் இரண்டு பேரையும் பத்திரமாக வெளியே அனுப்பிவிட்டு மொத்தப் பழியையும் நீயே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறாய். உங்கள் பேராசிரியைக்கு அது நன்றாக இருக்கலாம். பெற்றவளுக்கு எப்படியடி நன்றாக இருக்கும்? நீ நல்ல மார்க்கு வாங்கு, அந்தக் கதைகளையெல்லாம் நன்றாகப் படி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் விடுவதெல்லாம் கதையோடு நிற்கட்டும், இந்த வீட்டுக்குள் வேண்டாம், நாம் மூன்று பேரும் வேண்டிய மட்டும் விட்டாயிற்று.

வேளாவேளைக்குச் சாப்பிடு, அறைத்தோழிக்கு நிஜமாகவே காய்ச்சல் இருந்தால் நான் விசாரித்ததாகச் சொல். ஸ்வெட்டரை மாற்றி வாங்கி வைத்திருக்கிறேன், தபாலில் அனுப்ப மாட்டேன், வந்து வாங்கிக்கொள். நாலாவது லீவுக்குக் காரணம் எழுதி அனுப்பினால் முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவேன். நீ நூறு வயசு நிம்மதியாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். கீழே இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

வாக்குமூலம். சம்பவத்தன்று ஏணியைப் பிடித்திருந்தது மகள். மணி அடித்தது மனைவி. போய்க் கதவைத் திறக்கச் சொன்னது கணவர். மகள் பெரியவர்கள் பேச்சைக் கேட்டாள். முன்பு கொடுத்தது பொய், அதை எழுதியதும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்.

இப்படிக்கு,
உன் அம்மா

பாப்பா, மேலே அம்மா எழுதினது அத்தனையும் நிஜம். நீ கையை எடுத்தது எனக்கு ஞாபகமே இல்லை. சொன்ன உடனே கதவைத் திறக்க ஓடினியே, அதுதான் ஞாபகம் இருக்கு. வீட்டுக்கு வாம்மா.
அப்பா