என் புகாரின் மேலேயே ஒரு புகார்: மாடிக் குழந்தைகள் மறுபடி ஆட வேண்டி

அனுப்புநர்
மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்,
மழலையர் காப்பகத்துக்கு நேர் கீழ்த்தளம்.

பெறுநர்
குழந்தைகள் நல அலுவலர் அவர்கள்.

பொருள்: "பாட்டு நேரத்தில் குழந்தைகள் கைகட்டி உட்கார வேண்டும்" என்ற ஆணையை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் நானே கொடுத்த மூன்று புகார் மனுக்கள்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. தினமும் காலை பத்து மணிக்கு மாடியில் இருபத்திரண்டு குழந்தைகள் பாட்டுக்குக் குதிக்கிறார்கள், என் கடை விளக்கு ஆடுகிறது, கண் பரிசோதனைப் பலகையில் எழுத்தும் ஆடுகிறது, நல்ல கண்ணுக்கும் கண்ணாடி எழுத வேண்டியிருக்கிறது என்று தங்களுக்கு எழுதியவன் நான்தான். தாங்களும் உடனே ஆணையிட்டீர்கள்.

2. ஆணை அமலாகிறதா என்று பார்க்க நேற்று மீசையை முறுக்கிக்கொண்டு மாடி ஏறினேன். டீச்சரம்மா ஆர்மோனியம் வாசிக்க, குழந்தைகள் கைகட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் "வாலு" என்று அழைக்கும் நான்கு வயதுச் சிறுமி திடீரென்று விசும்பினாள்: "டீச்சர், நான் ஒண்ணும் பண்ணல. கால் தானா ஆடுது."

3. ஐயா, அப்போது முதலில் காலால் தாளம் தட்டியவன் நான். ஆணையை மீறிய குற்றம் முழுவதும் என்னுடையது. அதன்பின் மடை திறந்துவிட்டது, எல்லாக் குழந்தைகளும் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள்!

4. டீச்சரம்மா ஆட்டம் எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை. "பாட்டு என்ன சொல்லுதோ, அதை உங்க உடம்பு சொல்லட்டும்" என்பதோடு சரி. கனத்த சுரம் வந்தால் தரை அதிர நடக்கிறார்கள். வாசிப்பு சட்டென்று நின்றால், தூக்கிய கால் தூக்கியபடி நிற்கிறார்கள். மெதுவான பாட்டொன்றில் வாலு மட்டும் தன்னைத் தானே கட்டிக்கொண்டு மூலையில் நின்றாள். ஏன் என்று கேட்டேன். "அம்மா வேலைக்குப் போயிட்ட மாதிரி இருக்கு மாமா" என்றாள். அடுத்த பாட்டு துள்ளலாகத் தொடங்கியதும் "அம்மா வந்துட்டா!" என்று கத்தி, என் கையைப் பற்றி மூன்று சுற்று சுற்ற வைத்துவிட்டாள். ஐம்பத்து நான்கு வயதில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஆனாலும் கீழே இறங்க மனம் வரவில்லை.

5. கடையில் கண் பரிசோதனையைப் பதினொரு மணிக்கு மாற்றி, வாசலில் எழுதி ஒட்டிவிட்டேன். "கொடுத்த புகாரைத் திருப்பி வாங்கறதுக்கும் ஒரு மனுவா?" என்று என் மனைவி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

ஆகவே, வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் மேற்படி ஆணையை நீக்கித் தருமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் நேரில் ஆய்வுக்கு வந்தாலும் மகிழ்ச்சியே. உட்கார நாற்காலி மட்டும் கிடைக்காது. அங்கே யாரும் உட்காருவதில்லை.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: கடை மேசை

இப்படிக்கு,
முன்னாள் புகார்தாரர்
(ஒப்பம்)