இரண்டு விரல் இடைவெளி

கரடி ஏரிக்கரை,
7 ஜனவரி 1949, வெள்ளி

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹெல்வி எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் நலம். உனக்கு இன்னும் கையைத் தூக்க அனுமதி இல்லை என்று தெரியும். அதனால் இதைப் படித்துக் காட்டும் நர்ஸ் அம்மாவுக்கும் என் வணக்கம். என் கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ளச் சொல்.

முதலில் நல்ல செய்தி. மீன் பிடிக்கும் கொட்டகை உறைந்த ஏரியின் மேல் போய் நின்றுவிட்டது. நீ நெஞ்சு நோய்க்காகச் சானடோரியத்துக்குப் போன பிறகு கோழிகளை விற்றுவிட்டோம் அல்லவா? அந்தக் கூண்டைப் பிரித்த பலகையில்தான் அப்பா அதைக் கட்டினார். ஆறடிக்கு எட்டடி. பழைய லாரியின் முன்கண்ணாடிதான் ஜன்னல். பனிக்கட்டி மேல் இழுத்துப் போக அடியில் இரண்டு சறுக்குக் கட்டைகள். அடுப்பு மூட்டினால் பலகை இடுக்கிலிருந்து கோழி இறகு பறக்கிறது. தம்பி வெய்க்கோ அதைத் துரத்திப் பிடிக்கிறான்.

மற்ற வருஷமாக இருந்தால் அப்பா இந்நேரம் மரம் வெட்டும் முகாமில் இருப்பார். இந்த வருஷம் எங்களை விட்டுவிட்டுப் போக முடியாது என்று நின்றுவிட்டார். கூலி இல்லையென்றால் குளிர்காலத்துக்குக் கறி இல்லை. அதனால் மீன். இத்தனை வருஷம் ஏரிக்கரையில் குடியிருந்தும் நம் வீட்டில் யாரும் மீன் பிடிக்கப் பனிக்கட்டியில் துளை போட்டதில்லை. அது முதல் நாளே ஏரி முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்துக் கொட்டகை லெம்பி அத்தையிடம் இரவல் வாங்கிய கடப்பாரையை அப்பா கை நழுவித் துளைக்குள் விட்டுவிட்டார். அதன் தலையில் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டுமாம். அத்தை வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நம் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன் ரெய்னோ, மீன் பிடிக்க வந்தியா, முட்டை பொறுக்க வந்தியா?"

அப்பா சிரித்துவிட்டார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சொந்தக்காரர் பெயரைக் கதவில் பெரிதாக எழுத வேண்டும் என்பது சட்டம். அப்பா சிவப்புப் பெயிண்டை என்னிடம் கொடுத்து, பெயரை எழுது என்று சொல்லிவிட்டு விறகுக்குப் போனார். நான் 'அலினா கோர்பி' என்று உன் பெயரை எழுதிவிட்டேன். ஏன் என்று கேட்காதே. அவர் திரும்பி வந்து பார்த்தார். தூரிகையை வாங்கி, என் எழுத்தின் மேலேயே இன்னொரு பூச்சுப் பூசினார்.

கொட்டகைத் தரையில் உள்ள துளையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அரிகரண்டியால் ஐஸ் துண்டுகளை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனால் எனக்கு ஒத்துவருகிறது. பனிக்கட்டி ஏறக்குறைய ஒரு முழம் கனம். தண்ணீர் அதன் மேல்விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கும். என் விரலால் அளந்திருக்கிறேன், எப்போதும் இரண்டுதான். போன செவ்வாய்க்கிழமை விறகு லாரி நம் கொட்டகையை ஒட்டிப் போனபோது மட்டும் தண்ணீர் ஒரு விரல் மேலே வந்தது. லாரி போனதும் பழையபடி இறங்கிவிட்டது. அப்பாவிடம் சொல்ல நினைத்தேன். தண்ணீர் மூச்சு விடுகிறது என்றா சொல்வது? விட்டுவிட்டேன்.

இனி மற்ற விஷயம். டுலூத் நகரத்திலிருந்து சைமா பெரியம்மா கடிதம் போட்டிருக்கிறார். உன் அக்கா உனக்கும் எழுதியிருப்பார். ஆறு வயதுப் பையனைப் பதினைந்து வயதுப் பெண்ணும் ஏரியே கதியென்று கிடக்கும் தகப்பனும் வளர்க்க முடியாதாம். இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பாராம். சரியில்லை என்று பட்டால் வெய்க்கோவைத் தன் பிள்ளையாகவே எடுத்துக்கொள்ள உன்னிடம் கையெழுத்து வாங்குவாராம். காகிதம் தயாராக இருக்கிறதாம்.

அப்பா அந்தக் கடிதத்தை மடித்துக் காபி டப்பாவின் அடியில் வைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. நான் எதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று பெரியம்மாவுக்குத் தெரியுமா அம்மா? தெரியாவிட்டால் நீ சொல்லு. எனக்குச் சொல்ல வராது.

நெஞ்சுக்கு நல்லது என்று குளிரில் உன்னைத் திறந்த தாழ்வாரத்தில் படுக்கவைக்கிறார்களாமே. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள். உன் நெஞ்சு சீக்கிரம் ஆறட்டும்.

உன் மகள்,
ஹெல்வி

•

கரடி ஏரிக்கரை,
24 ஜனவரி, திங்கள், காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

பெரியம்மா வியாழக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறார். அதற்கு முன் இது உன் கைக்கு வர வேண்டும். தபால் வண்டி பதினொரு மணிக்கு. இப்போது ஒன்பது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெய்க்கோ என் காலடியில் உட்கார்ந்து பூனையின் வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுதச் சொல்லிவிட்டு அப்பா ஏரிக்குப் போயிருக்கிறார். நான் அப்படி எழுதப்போவதில்லை.

நேற்றுப் பத்து மணிக்கு வந்தார்கள். வால்டர் பெரியப்பா புதுக் கார் வாங்கியிருக்கிறார், பச்சை நிறம், படகு மாதிரி நீளம். பெரியம்மா மேலங்கியைக் கூடக் கழற்றாமல் வீட்டைப் பார்த்தார். மாவு டப்பாவைத் திறந்தார். வெய்க்கோவின் காதுக்குப் பின்னால் பார்த்தார். அவன் படுக்கையை முகர்ந்தார். நான் மூன்று நாளாகத் தேய்த்துக் கழுவியிருந்தேன். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் அவனிடமே, தினமும் என்னடா சாப்பிடுகிறாய் என்று கேட்டார். "தாடி மீன் சூப்" என்றான். உனக்குத் தெரியுமே, மோவாயில் ஒற்றை மயிர் தொங்குமே, அந்த மீன். டுலூத்தில் அதைக் காக்காய்க்குப் போடுவார்களாம். பெரியப்பா இருமுவது போலச் சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை. பகல் முழுக்கப் பையன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும் என்றார். அதனால்தான் ஏரிக்குப் போனோம்.

லெம்பி அத்தை தன் லாரியைக் கொட்டகையிலிருந்து ஐம்பது அடி தள்ளித்தான் நிறுத்துவார். அதையும் ஒரே இடத்தில் வெகுநேரம் விடமாட்டார். அப்பாவுக்கும் அது தெரியும். ஆனால் பெரியம்மாவின் காலில் டவுன் செருப்பு. பனி முழங்கால் வரை கிடந்தது. அப்பா காரிலிருந்து இறங்கி முன்னால் நடந்து, கையைக் காட்டி, நம் கதவை ஒட்டியே காரை நிறுத்த வைத்தார். போன வாரம் முழுக்க வெயில் பனிக்கட்டியை இளக்கியிருந்தது, அதன் மேல் இரண்டு நாள் கனத்த பனியின் பாரம். இதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் ஒரு கார் நின்றால் அங்கேதான் மீன் இருக்கிறது என்று மற்றவர்களும் வந்துவிடுவார்கள். நாங்கள் உள்ளே போய் அரை மணி நேரத்தில் இன்னும் இரண்டு கார் வந்து பக்கத்திலேயே நின்றன.

உள்ளே ஐந்து பேர், அடுப்பு, சூப் பாத்திரம். நான் துளைப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். அப்பா பெரியம்மாவுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். பால், உருளைக்கிழங்கு, வெங்காயம், நீ செய்வது போலவேதான். மறுக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு கரண்டி வாயில் வைத்தார். பிறகு கையுறையைக் கழற்றினார். மீனின் ஈரலுக்காகச் சின்ன வயதில் நீயும் அவரும் கரண்டியால் அடித்துக்கொண்டதைச் சொன்னார். உன் நெற்றித் தழும்பு அதில் வந்ததாமே? நீ எங்களிடம் ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொல்லியிருக்கிறாய்.

வெய்க்கோ ஓர் இறகைப் பிடித்துக்கொண்டுபோய் அவர் மடியில் ஏறி உட்கார்ந்தான். பெரியம்மா அவன் கன்னத்தைத் தொட்டார். பையனுக்குக் கன்னத்தில் சதை வைத்திருக்கிறது என்று பெரியப்பாவிடம் சொன்னார்.

தண்ணீர் ஏறியது. துளையின் விளிம்புவரை வந்து, பலகையின் மேல் ஒரு நாக்கு போல நீண்டது. நான் மெதுவாக "அப்பா, தண்ணி" என்றேன். அவர் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். சிந்திவிட்டது என்று நினைத்துத் துணி எடுத்துத் துடைக்கச் சொன்னார். மீன்கள் விருந்தாளியைப் பார்க்க மேலே வருகின்றன போலிருக்கிறது என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும். அந்தச் சிரிப்பை நிறுத்த என்னால் முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தும் எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்திருப்பேனே, அப்படி.

தண்ணீர் பெரியம்மாவின் செருப்புவரை போனது. நான் எழுந்துபோய் அவனைப் பெரியம்மாவின் மடியிலிருந்து பிடுங்கினேன். சூப் அவர் மேலங்கியில் கொட்டியது.

"என்னடி இது, பிள்ளையைப் பிடுங்கறே?"

"தண்ணி ஏறல பெரியம்மா. நாமதான் எறங்கிட்டு இருக்கோம். எல்லாரும் வெளிய போங்க. போங்கன்னா போங்க."

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், கதவை உதைத்துத் திறந்தார்.

வெளியே காரைச் சுற்றிப் பனி சாம்பல் நிறமாக ஊறியிருந்தது. சக்கரம் பாதி தண்ணீரில். லெம்பி அத்தை தூரத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார், ஒருவரோடு ஒருவர் சேர்ந்து நிற்காதீர்கள், பிரிந்து போங்கள் என்று. நான் வெய்க்கோவைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஓடவில்லை. காலடியில் ஒரு விரிசல் நீளமாகப் போனது. துணி கிழிவது போன்ற சத்தம். வெய்க்கோ என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அக்கா, ஏரி அழுகிறதா என்று கேட்டான். பெரியம்மா ஒற்றைச் செருப்போடு எனக்குப் பின்னால் வந்தார்.

மற்ற இரண்டு கார்க்காரர்களும் ஒருவழியாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெரியப்பா கையில் காபிக் குவளையோடு நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. சாவியை அவரிடமிருந்து அப்பாதான் வாங்கினார். கதவைத் திறந்தபடியே வைத்து, ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, மனிதன் நடக்கும் வேகத்தில் ஓட்டினார். பனிக்கட்டி உடைந்து பின்சக்கரம் ஒன்று உள்ளே இறங்கியது. நான் வெய்க்கோவின் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன். என் கண்ணை மூடவில்லை. சக்கரம் இரண்டு முறை சுற்றி, ஏறி, வெளியே வந்தது. அப்பா கரைவரைக்கும் திரும்பிப் பார்க்காமல் போனார்.

கரையில் லெம்பி அத்தை அப்பாவைத் தனியே அழைத்துப்போய் ஏதோ சொன்னார். முட்டை, கோழி என்று கேலி எதுவும் இல்லை. அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

பெரியம்மா காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, என்னைக் கூப்பிட்டார். அப்பாவை ஏசுவார் என்று நினைத்தேன். அவர் பெயரையே எடுக்கவில்லை.

"எவ்வளவு நேரமா அதைப் பாத்துட்டு இருந்தே, ஹெல்வி?"

நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கார் போய்விட்டது. காகிதம் அவர் கைப்பையில்தான் இருக்கிறது, நான் பார்த்தேன்.

அவரிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். வெய்க்கோ அவர் மடியில் ஏறியபோதே தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்துவிட்டது. இந்த முறை அது இறங்கவில்லை. எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அந்த நேரத்தில்தான் பெரியம்மா அப்பாவைப் பார்த்து, "நான் நெனச்ச மாதிரி இல்ல ரெய்னோ, ஒருவேளை பையன்..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டு ஒரு கரண்டி குடித்தார். பிறகு இன்னொரு கரண்டி. அவர் அதைச் சொல்லி முடிக்கட்டும் என்று நான் காத்திருந்தேன் அம்மா. விரலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, அந்த ஒரு வாக்கியம் முடியட்டும் என்று காத்திருந்தேன். அவர் முடிக்கவே இல்லை.

வியாழக்கிழமை அவர் கேட்டால் நர்ஸ் அம்மாவை இந்த இடத்தை அவருக்குப் படித்துக் காட்டச் சொல். காரை அங்கே நிறுத்தவைத்தது அப்பாவின் தவறு. காத்திருந்தது என் தவறு. இரண்டையும் கேட்டுவிட்டுப் பெரியம்மா நினைப்பதை நினைக்கட்டும். இனி அரை விரல் ஏறினாலும் நான் வாயைத் திறப்பேன் என்பதையும் சேர்த்துச் சொல். நேற்றுத்தான் தெரிந்தது, எனக்குக் கத்த வருகிறது.

அவன் போவதுதான் நல்லது என்று உனக்குத் தோன்றினால் அதை எனக்கு எழுது, அப்பாவுக்கு வேண்டாம். அவன் துணிகளை நானே மடித்துத் தருகிறேன்.

வழிந்த தண்ணீர் நேற்றே உறைந்து, கொட்டகையின் சறுக்குக் கட்டைகள் இரண்டும் பனிக்கட்டியில் புதைந்துவிட்டன. அப்பா விடிந்ததிலிருந்து அதைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருக்கிறார், கடப்பாரையைக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு. பிப்ரவரி கடைசிக்குள் எல்லாக் கொட்டகையும் கரைக்கு வந்துவிட வேண்டும் என்று உத்தரவு. வராவிட்டால் கதவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வந்து பதில் சொல்ல வேண்டுமாம். கதவில் இருப்பது உன் பெயர். அதனால் நீ வந்துதான் ஆக வேண்டும் அம்மா. நீ கொட்டகையை இழுக்கும் கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டால் போதும். பின்னாலிருந்து நாங்கள் மூன்று பேரும் தள்ளுகிறோம்.

உன் மகள்,
ஹெல்வி