மூணும் ரெண்டும் பதினஞ்சு

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். அப்பாவின் லுங்கி எதுவும் காயவில்லை. ஃபேனுக்கு அடியில் கொடி கட்டினேன்.

ஆஸ்பத்திரி. பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குப் பேச்சே இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம் மூன்று விரல், பிறகு இரண்டு விரல் காட்டி, கன்னடமும் தமிழுமாகக் கேட்டார். "மூணும் ரெண்டும் எஷ்டு அண்ணா? எவ்ளோ?"

வாய் கோணினாலும் தெளிவாக, "பதினஞ்சு."

முதல் சொல்! மேடம் தப்பு என்று குறித்துக்கொண்டார்.

தப்பில்லை. அது எங்கள் கணக்கு. 3+2=15, 5+1=30, 4+3=28, அப்படியென்றால் 6+2=? வேண்டுமென்றே பொய்யாகப் போடுவது. கூட்டி வந்ததை முதல் எண்ணால் பெருக்க வேண்டும். 48. அப்பாவோடு வேலை செய்யும் பெயிண்டர்களின் வாட்ஸப் குரூப்பில் தினம் ஒன்று வரும். விடையை அப்பா காதில் சொல்வேன், அவர் தன் பெயரில் போடுவார். ஒன்பதாவதோடு படிப்பு நின்ற பிறகு எனக்கு இருந்த கணக்குப் பாடம் இதுதான்.

மேடத்திடம் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் நீலசந்திரா ஸ்டாப் வரும்வரை பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அம்மா வேலை முடிந்து எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வந்ததும் அவளிடம் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவோடு அப்படியே நின்றாள்.

"நெஜமாவா பாப்பா? அப்ப மூளைக்கு ஒண்ணும் ஆவலியா?"

"ஆவலம்மா."

உடனே சித்திக்கு போன். "எங்க வீட்டுக்காரரு கணக்கு போடுறாருடீ!" எதிர்வீட்டு ஆன்ட்டி வாசலில் நின்றே, "கேடி மனுஷன்! டாக்டரம்மாவையே கலாய்ச்சிட்டாரா?" அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

கொஞ்சம் வெயில். ரவைக் கஞ்சி, பாதி சட்டையில்.

சிலேட்டில் 5+1 எழுதிக் காட்டினேன். "பதினஞ்சு." தூக்கக் கலக்கம்.

4+3. "பதினஞ்சு."

வேறு விதி வைத்திருக்கிறாரோ? பாத்திரம் தேய்க்கும்போதும் அதே யோசனை. 3+2 என்றால் மூவைந்து. 5+1 என்றால் ஆறில் பாதி மூன்று, ஐமூன்று. 4+3க்கு நாலு நாலு பதினாறு, ஒன்று கழித்தால் பதினைந்து. எந்த விடைக்கும் இழுத்துப் பிடித்து ஒரு விதி செய்துவிடலாம் போலிருக்கிறது.

டம்ளரைக் காட்டினேன். "பதினஞ்சு."

ஜன்னல். "பதினஞ்சு."

அதற்குமேல் கேட்கவில்லை.

சாயந்திரம் அம்மா தலையில் பூ. எத்தனை நாளாயிற்று. எப்படிச் சொல்வது.

ஜூலை 10, வியாழன்

மறுபடி தூறல். ஆஸ்பத்திரி. மேடத்திடம் கேட்டேவிட்டேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் சிரிக்கவில்லை. "ஒரு வார்த்தை மாட்டிக்கும் மா. எது கேட்டாலும் அதேதான் வரும். அவர் கணக்கு போடல. பேஜார் ஆகாதே, ஸ்வல்ப, கொஞ்சம் டைம் எடுக்கும்."

எவ்வளவு டைம் என்று கேட்க பயம்.

வாங்க வேண்டியது: டெட்டால், தக்காளி, துணி சோப்பு. கடையைத் தாண்டி வந்துவிட்டேன்.

அம்மா வந்ததும் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று வாசலிலேயே நின்றேன். என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். யூனிஃபார்ம்கூட மாற்றாமல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கணக்கெல்லாம் அப்புறம். நம்ம பொண்ணு பேரு சொல்லுங்க பாப்போம்."

அப்பா என்னைப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார்.

"பதினஞ்சு."

அம்மா சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு என்ன கணக்குடீ? சொல்லு."