மஞ்சள் அட்டைக்குப் பத்து நாள்

ஆகஸ்ட் 25, திங்கள்

நேற்று போடியில் பெண் பார்த்து வந்தோம். பெயர் சுஜிதா. கல்லூரியில் ரக்பி ஆடியவள், இப்போதும் ஞாயிறுதோறும் ஆடுகிறாள். "கல்யாணத்துக்கு அப்புறமும் ஆடுவேன். உங்களுக்கு ரக்பி தெரியுமா?" என்று நேராகவே கேட்டாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போன வேகத்தில், "தெரியும், ஆடியிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

நான் சிலமலை கால்பந்து அணியின் கோல்கீப்பர். ரக்பிப் பந்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இந்த ஞாயிறு ஆட வரச் சொல்லியிருக்கிறாள். எந்தச் சனியன் என் நாக்கில் உட்கார்ந்தது?

ஆகஸ்ட் 26

செல்போனில் விதிகளைப் படித்தேன். கால்பந்தில் பதினொரு பேர், இதில் பதினைந்து. பந்து நீள்வட்டம், எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. பந்தோடு ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்துக் கீழே சாய்க்கலாம். எங்கள் ஊரில் இதற்குப் பஞ்சாயத்து வைப்பார்கள். எல்லாரும் பந்தைக் கையால் பிடிக்கலாமாம் — அதுதான் பொறுக்கவில்லை. அந்த உரிமை எனக்கு மட்டும்தான் என்று பத்து வருஷமாகத் திமிராக நின்றவன் நான். எல்லாருமே கையால் பிடித்தால் எனக்கென்ன வேலை?

ஆகஸ்ட் 28

கையால் கொடுத்தால் பின்னால்தான் கொடுக்க வேண்டுமாம். முன்னால் ஓடிக்கொண்டே பின்னால் கொடுப்பதா? இரண்டு நாளாகப் புரியவில்லை. இன்று குரங்கணிக்கு மேலே பச்சை ஏலக்காய் மூட்டை இறக்கும்போது விளங்கியது. சரிவில் மேட்டைப் பார்த்து வரிசையாக நிற்போம். மேலிருந்து வரும் மூட்டையை வாங்கி, இடுப்பைத் திருப்பி, பின்னால் கீழே நிற்பவனிடம் கொடுப்போம். அட, தினமும் இதைத்தானே செய்கிறேன்! சந்தோஷத்தில் ஜீப் டிரைவர் ராமரிடம் மூட்டையை வீசிவிட்டேன்.

"டேய் பிரதீப்பு, காய் நசுங்குதுடா! சோலிய ஒழுங்காப் பாரு" என்றான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மானம் போச்சு.

அணிக்கு ஏழு பேர், ஆணும் பெண்ணும் கலந்து. சாய்க்க வேண்டாம், தொட்டால் போதும் என்றார்கள். முதல் பாதியில் ஒழுங்காகப் பின்னால் கொடுத்தேன். சுஜிதாகூடத் தலையாட்டினாள். அப்புறம் ஒருமுறை அவள் எனக்கு முன்னால் நின்றாள். அவளுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பேன்? கொடுத்தேன். விசில்.

அதோடு விட்டேனா? கடைசியில் கோட்டுக்கு முன்னால் பந்து என் கையில். கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி. நான் அதைக் கீழே போட்டு, இரண்டு கம்பத்துக்கும் நடுவே, குறுக்குக் கம்பிக்குக் கீழே ஓங்கி உதைத்தேன். "கோலு!" என்று கத்திக்கொண்டு சட்டையைக் கழற்றிச் சுற்றினேன். ரக்பியில் கம்பிக்கு மேலே போனால்தான் கணக்கு. மைதானமே சிரித்தது. சுஜிதா சிரிக்கவில்லை.

செப்டம்பர் 1

போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

"ஆட்டம் தெரியாதது தப்பில்ல. தெரியும்னு ஏன் சொன்னீங்க?"

"தெரியாதுன்னா என்னைய வேணாம்னுருவீங்களோன்னு பயம்."

"இது மஞ்சள் அட்டை" என்றாள்.

அப்பாடா! கால்பந்தில் அது வெறும் எச்சரிக்கை, ஆட்டத்தில் தொடரலாம். அதைச் சந்தோஷமாக அவளிடமும் சொன்னேன்.

"ரக்பியில பத்து நிமிஷம் வெளிய உக்காரணும். உங்களுக்குப் பத்து நாளு. போன் பண்ணாதீங்க."

வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 4

"பொண்ணு வீட்டுல ஒண்ணுஞ் சொல்லலையே அப்பு?" என்றாள் அம்மா. நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 7, ஞாயிறு

எங்கள் ஊர்க் கால்பந்து ஆட்டத்தில் மூன்று கோல் விட்டேன். ஒன்று என் காலிடுக்கில். பந்தா கண்ணுக்குத் தெரியுது? எனக்கு அவ வேணும். அவ்வளவுதான்.

செப்டம்பர் 9

பத்து நிமிடம் முடிந்ததும் தானாக உள்ளே போகலாமா? தேடிப் பார்த்தேன். கூடாதாம். நடுவர் கூப்பிட வேண்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

போடிக்குப் போனேன். அவள் வீட்டு வாசலுக்கு வெளியே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. திரும்பிவிடலாமா என்று நினைத்தபோது கதவு திறந்தது.

"எம்புட்டு நேரம் நிப்பீங்க? நேத்தோட பத்து நாளு முடிஞ்சிருச்சு. உள்ள வாங்க."

போன அவசரத்தில் தாழ்வான கதவு நிலையில் தலை நங்கென்று இடித்தது.

"இங்க கீழ போனாத்தான் கணக்கு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.