முட்டி மடங்கும் பொம்மை

புளி போட்டுத் துலக்கிய பித்தளைக்கு ஒரு வாசனை உண்டு. போன வாரம் உன் மகள் தேனுவின் கல்யாணத்துக்காகப் பள்ளத்தூர் வீட்டுக்குள் நுழைந்ததும் அதுதான் முதலில் மூக்கில் ஏறியது. வளவு முற்றம் முழுக்கச் சாமான் பரப்பியிருந்தார்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் சீரையெல்லாம் ஊர் பார்க்க வரிசையாகப் பரப்பி வைக்கிற உங்கள் வழக்கம் எனக்குப் புதிதல்ல. குத்துவிளக்கு, அண்டா, எவர்சில்வர் தூக்கு, வெள்ளிக் கிண்ணம், மிக்ஸி, பிளாஸ்டிக் வாளி என்று தேனு பிறந்ததிலிருந்து நீ வாங்கிச் சேர்த்ததெல்லாம் அங்கே இருந்தது. வெள்ளிச் சாமான்களுக்குப் பக்கத்தில், ரோஸ் நிற அட்டைப் பெட்டிக்குள் ஒரு பொம்மையும் நின்றது.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் குனிந்து பார்த்து, "அட, வெளையாடப் பொம்மகூட வச்சிருக்காக" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொம்மையை எனக்குத் தெரியும். அதன் மேல் எனக்குப் பொறாமை. ஐம்பது தாண்டிய சரித்திர டீச்சர் ஒருத்தி பொம்மையைப் பார்த்து வயிறெரிந்தாள் என்று தெரிந்தால் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே சிரிக்கும். அதனால் உனக்கு மட்டும் எழுதுகிறேன். நீதான் இனி யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது.

நமக்குள் பொம்மைப் பொறாமை புதிதா என்ன? சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் நாம் ஒரே பெஞ்சு. உன் அப்பா, நீங்கள் சொல்கிற அப்பச்சி, மலேசியாவிலிருந்து உனக்கு ஒரு பொம்மை கொண்டுவந்தார். படுக்க வைத்தால் கண்ணை மூடும், நிமிர்த்தினால் திறக்கும். அதைப் பார்க்க என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனாய். பாலித்தீன் உறையைப் பிரிக்காமல் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருந்தார்கள். "தொடக்கூடாதுடி, அழுக்காயிரும்" என்றாய். நீயும் அதைத் தொட்டதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் எங்கள் அம்மாவிடம் அழுது, மாதா கோவில் திருவிழாவில் ஒரு ரப்பர் பொம்மை வாங்கினேன். அதற்குக் கண் மூடவே மூடாது. நாள் முழுக்க என்னை முறைத்துக்கொண்டே இருந்தது.

பிறகு உனக்குப் பள்ளத்தூரில் கல்யாணம் ஆனது. நான் பி.எட். முடித்து, சுற்றிச் சுற்றி அதே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்து சேர்ந்தேன். பள்ளி விட்டதும் உன் வீடு. காரைக்குடி பஸ் வருவதற்குள் உன் கையால் ஒரு காபி. உன் அடுப்படி வாசலில் நான் டம்ளரோடு நிற்க, நீ உள்ளே நின்று ஏதாவது கிண்டிக்கொண்டிருப்பாய். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் உலகத்தையே திருத்திவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

உன்னைத் திருத்தத்தான் முடியவில்லை. அந்த வீட்டில் நீ உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆம்பளைகள் பந்தி, விருந்தாளிகள் பந்தி, பிள்ளைகள், அப்புறம் வேலைக்காரர்கள். கடைசியில் நீ அடுப்படியில் நின்றபடியே சட்டியைத் துடைத்து நாலு வாய் போட்டுக்கொள்வாய். "ஏண்டி, இலையைப் போட்டு உக்காந்து சாப்பிட்டா இந்த வீடு இடிஞ்சா விழுந்துரும்?" என்று கேட்பேன். "நீ படிச்சவ ஜெசி, சம்பாதிக்கிறவ, பேசுவ" என்பாய். தேனுவுக்காக நீ சேர்த்த சாமான்களைப் பார்த்தும் கத்தியிருக்கிறேன். ஒரு பெண்ணுக்கு எதற்கு இத்தனை வாளி? "நாளைக்கு எம்மகளப் பாத்து ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லிறக் கூடாதுடி" என்று சொல்லிவிட்டு, மறுநாளே இன்னொரு தூக்குவாளி வாங்கி வந்தாய். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அந்தச் சங்கு நான்தான்.

அப்போதுதான் வெளிநாட்டுப் பொம்மைக் கம்பெனி ஒன்று தன் பொம்மையை வைத்தே எடுத்த படம் காரைக்குடிக்கு வந்தது. தமிழில் பேச வைத்திருந்தார்கள். பெங்களூரில் வேலை பார்த்த தேனு அதைப் பார்க்கச் சொல்லிப் போன் செய்தாள் என்று நீ என்னைக் கூப்பிட்டாய். நான் வரமாட்டேன் என்றேன். பொம்மை விற்கிறவனே பெண் விடுதலை பற்றிப் படம் எடுத்தால் அது படமா, விளம்பரமா? காசு கொடுத்து விளம்பரம் பார்க்க நான் இல்லை என்று உன் அடுப்படி வாசலில் நின்று ஒரு பிரசங்கமே செய்தேன். இப்போதும் அதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன். நீ கேட்டுவிட்டு, "சரி போ. உமையாளக் கூட்டிட்டுப் போயிக்கிறேன்" என்றாய்.

உமையாள், உன் ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி என்றாலும் கூடப் பிறந்த அக்காவைப் போல உன்னை 'ஆச்சி' என்றே கூப்பிடுகிறவள். அவளும் நீயும் ஒரு பெட்டிப் பாப்கார்னை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்த்த காட்சியை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அது என் கண்ணை விட்டுப் போகவில்லை. பாதிப் படத்தில் நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாயாம். அவளே சொன்னாள். ஏன் சொன்னாள் என்று இருந்தது.

கதையை நீ சொல்லிக் கேட்டேன். முட்டி மடங்காத பொம்மை. அதற்கு டாக்டர் கோட்டு, வக்கீல் கோட்டு, கார், சமையலறை எல்லாம் உண்டு. எல்லாம் தனித்தனியாக விற்பனைக்கு. எந்த உடையைப் போட்டாலும் அதனால் உட்கார மட்டும் முடியாது. ஆபீசில் ஆண் பொம்மைகள் உட்கார்ந்திருக்க இது நின்றே பேசும். வீட்டுக்கு வந்து நின்றே சமைக்கும். பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தும் நின்றே வரும். கடைசியில் ஒரு நடைபாதையில், யாரும் பார்க்காதபோது, தன் முட்டியைத் தானே உடைத்துக்கொண்டு உட்காரும். வசனம் கிடையாது. அந்த இடத்தில் நீ அழுதாய் என்று சொன்னபோதும் உன் கண் கலங்கியது. எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் பேச்சைக் கேட்டு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

அடுத்து நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. உங்கள் வீட்டுப் படைப்பு வந்தது. முன்னோருக்குப் படைத்த பிறகு ஆண்கள் முதல் பந்தியில் உட்கார்வது எந்தக் காலத்திலும் மாறாதது. அன்றைக்கு நீ ஒரு இலையை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பந்தியின் கடைசியில் போட்டு உட்கார்ந்தாயாம். வாளியோடு நின்றவர்கள் அப்படியே நின்றுவிட்டார்களாம். உன் வீட்டுக்காரர் பதறிப்போய், "என்ன, ஒடம்பு முடியலையா?" என்று கேட்டிருக்கிறார்.

"நல்லாத்தேன் இருக்கேன். பசிக்குது" என்றாயாம் நீ.

கொஞ்ச நேரம் கழித்து உன் கொழுந்தனே எழுந்து வந்து உனக்குச் சாம்பார் ஊற்றினாராம். உமையாளும் ஒரு இலையைக் கொண்டுவந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீடு இடியவில்லை. அந்த இரண்டாவது இலையில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து எனக்குப் பள்ளியில் பரீட்சை. இந்தச் செய்தியையும் உமையாள் வாயால்தான் கேட்டேன். சந்தோஷப்பட வேண்டியவள் நான்தான். பட்டேன். ஆனால் விதைத்தவள் ஒருத்தியும் அறுத்தவள் இன்னொருத்தியுமாக ஆகிவிட்டதே என்று உள்ளுக்குள் கருகியது.

அன்று சாயங்காலம் உன்னையே கேட்டுவிட்டேன். "ஏண்டி, நான் சொன்னப்பல்லாம் உக்காரல. ஒரு பிளாஸ்டிக் பொம்ம சொன்னதும் உக்காந்துட்டியா?"

நீ காபியை ஆற்றிக்கொண்டே, "அது எங்க சொல்லுச்சு?" என்றாய். "நீதான் சொல்லிக்கிட்டே இருந்த. அது உக்காந்துருச்சு."

அதற்குள் பஸ் ஹாரன் கேட்டது. பாதி டம்ளரை உன் கையிலேயே கொடுத்துவிட்டு ஓடினேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. காரைக்குடிக் கடைகளில் புதுப் பொம்மை தொங்கியது. ரோஸ் பெட்டி. 'இப்போது முட்டி மடங்கும்' என்று மேலே பெரிய எழுத்து. அந்தப் படத்தில் வந்த அதே பொம்மை. பழசைவிட விலை கூட. நடைபாதைகூடத் தனியாக விற்றார்கள், அது உட்கார்வதற்காம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்கள் என்று நான் சொன்னேனா இல்லையா? மறுநாள் ஓடோடி வந்து உன்னிடம் வெற்றி முரசு கொட்டினேன். நீ வாக்குவாதம் செய்யவில்லை. "அது சரித்தேன். வியாபாரி வியாபாரம் பண்றான்" என்று சொல்லி என் முகத்தையே பார்த்துச் சிரித்தாய். தோற்றுப்போன சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் உனக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்கும் பள்ளத்தூருக்குமாக அலைந்தார்கள். தையில் நீ போய்விட்டாய். கடைசி நாட்களில் உன் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தது யார் என்று உனக்கே தெரியும். நான் வந்து வந்து பார்த்துவிட்டுப் பஸ் பிடிக்கப் போனேன். உமையாள் பக்கத்திலேயே இருந்தாள். அவளுக்கு நான் நன்றிதான் சொல்ல வேண்டும். நன்றியும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

அந்தப் படத்தை டிவியில் போட்டபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி தேய்த்துக்கொண்டே பார்த்தேன். நீ அழுத இடம் வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. திரையரங்கில் உன் பக்கத்து நாற்காலி எந்தப் பக்கமாக இருந்திருக்கும் என்றுதான் யோசனை ஓடியது.

கல்யாணத்தன்று பொம்மைக்கு முன்னால் நான் அசையாமல் நிற்பதை உமையாள் பார்த்துவிட்டாள். கைவேலையைப் போட்டுவிட்டு வந்தாள். அவள் முகமே சரியில்லை.

"டீச்சர், ஒங்ககிட்ட எப்புடிச் சொல்றதுன்னே தெரியல. அது தேனுக்கு இல்ல. ஆச்சி ஒங்களுக்குன்னு வாங்கி வச்சிருந்தாக."

நான் திரும்பிப் பெட்டி மேலிருந்த 'இப்போது முட்டி மடங்கும்' என்ற எழுத்தை மறுபடி படித்தேன்.

"ஒடம்பு நல்லா இருக்கும்போதே வாங்குனாக. ஒங்க பொறந்த நாளைக்குக் குடுக்கணும்னு சாமான் அறையில வச்சாக. அதுக்குள்ள என்னென்னமோ ஆகிப்போச்சு. நான் அடுப்படில நின்னேன், அங்குட்டு இருந்தவுக அறையில இருந்த சாமானெல்லாம் தேனுக்குத்தான்னு மொத்தமா எடுத்துப் பரப்பிட்டாக. நான் வந்து பாக்கையில மாப்பிள வீட்டுல பாத்துட்டாக."

பரப்பியதை எடுக்கக் கூடாது. அது எனக்கும் தெரியும். வரிசையில் வைத்துவிட்டால் கரண்டியானாலும் பெண்ணோடுதான் போக வேண்டும்; ஒன்றை உருவினாலும் குறை என்பார்கள். நீ எனக்கென்று வாங்கியது உன் சம்பந்தி வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குப் போகப்போகிறது. உறையைப் பிரிக்கவும் மாட்டார்கள். தேனு வேண்டுமானால் பிறகு கொண்டுவந்து தருவாள் என்று உமையாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வேண்டாம் என்றேன். நான் கேட்டது வேறு.

"எனக்கு எதுக்குப் பொம்ம? அவ ஒன்னும் சொல்லலையா?"

உமையாள் உன்னைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள். "கடையில நிக்கும்போது சொன்னாக. 'ஜெசி இத்தன வருஷமா நம்ம வீட்டுக்கு வாரா உமையா. ஒரு நாளாச்சும் அவ உக்காந்து காபி குடிச்சுப் பாத்திருக்கியா? பள்ளிக்கூடத்துல நிக்கிறா, பஸ்ஸுல நிக்கிறா, வீட்டுல போயி அடுப்புகிட்ட நிக்கிறா. நமக்குச் சொல்ல அவ இருக்கா, அவளுக்குச் சொல்ல யாரு இருக்கா'ன்னாக."

வளவில் நாதஸ்வரம் காதைப் பிளந்தது. நல்லதாகப் போயிற்று; என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

உமையாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தானே போய்க் காபி கொண்டுவந்தாள். "உக்காருங்க டீச்சர்" என்றாள். பாவம், மனசாரத்தான் சொன்னாள். முட்டி இரண்டும் காலையிலிருந்து விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. இருந்தும் நான் உட்காரவில்லை. அவள் சொல்லி உட்காருவதா என்று ஒரு வீம்பு. நீ சொல்லியிருந்தால் அந்த ஆத்தங்குடிக் கல் தரையிலேயே சம்மணம் போட்டிருப்பேன். எதிரில் இருந்த என்னை விட்டுவிட்டு அவளிடம் போய்ச் சொல்லிவைத்தாய். நின்றபடியே காபியைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

இப்போதும் சமையல் மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். குக்கர் இன்னும் விசில் அடிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு எட்டு மணிக்குச் சாப்பாடு வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்டூல் காலியாகத்தான் கிடக்கிறது. என்னிடமே ஒரு தடவை சொல்லியிருக்கலாமே நீ.