பையில் இருந்த கிளுவை

786

பொன்மலை,
8-1-1964

அன்புத் தங்கை நஜீமாவுக்கு அண்ணன் பரக்கத் அலியின் சலாம். உனக்கும் குழந்தை ஆபிதாவுக்கும் அல்லாஹ் குறையில்லாத சுகத்தைக் கொடுப்பானாக.

இங்கே எல்லாரும் சுகம். உன் அண்ணிக்கு மட்டும் முழங்கால் வலி. வலியைவிட அதைப் பற்றிய பேச்சுதான் அதிகம். அடுத்த வாரம் நோன்பு பிறக்கிறது. அதற்குள் இந்தக் கடிதத்தை எழுதிவிட வேண்டும்.

பினாங்கில் உங்களோடு இருக்கும் மாமா எழுதியிருந்தார். நல்ல மனிதர் ஒருவர் உன்னை நிக்காஹ் செய்யக் கேட்டாராம், நீ மறுத்துவிட்டாயாம். "வாத்துக்கறிக்கு ஆசைப்பட்டு புருஷனை முழுங்கினவளுக்கு இன்னொரு கல்யாணம் ஒரு கேடா?" என்றாயாம். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மசக்கையில் ஒரு பெண் வாய்க்கு ருசியாகக் கேட்பது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை நான் அந்த ஏரிக்குப் போனேன். துவாக்குடிக்கு அப்பால், அதே ஏரிதான். ஆறு வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அடுத்த குவார்ட்டர்ஸ் இருதயமேரி டீச்சர் பறவைகளை எண்ணி நோட்டில் எழுதுகிறவர். "உங்களுக்குத்தான் பாய் அந்தக் கரை தெரியும், கூட வாங்க" என்று விடாப்பிடியாக நின்றார். இப்போது அங்கே யாரும் சுடக்கூடாது என்று போர்டு வைத்துவிட்டார்கள். பறவைகளுக்கு என்ன கொண்டாட்டம் என்கிறாய்! கூழைக்கடா, நீர்க்காகம், நாமக்கோழி. கிளுவை வாத்து மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். டீச்சர் பைனாகுலரை என்னிடம் நீட்டினார்.

கிளுவைகளுக்கு நடுவே, நாங்கள் அடக்கம் செய்த மாப்பிள்ளை தாஜுதீன் நின்றிருந்தார். மார்பளவு தண்ணீர், தலையில் அந்த வெள்ளைத் தொப்பி. பகல் பதினொரு மணி, நஜீமா, சுள்ளென்று வெயில். பைனாகுலரை இறக்கினால் இல்லை, ஏற்றினால் நிற்கிறார். டீச்சரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். "தாமரை இலைதான் பாய், வேற ஒண்ணுமில்லீங்க" என்றார். ஆயத்துல் குர்ஸி ஓதிவிட்டு மறுபடி பார்த்தேன். இன்னும் கொஞ்சம் கரைக்குப் பக்கத்தில் வந்திருந்தார். அவரை உரசிக்கொண்டு கிளுவைகள் மேய்கின்றன, ஒன்றுகூடப் பறக்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருக்கிறவர் மாதிரி பார்த்தார். டீச்சர் பைனாகுலரை வாங்கிக்கொண்டு என்னைக் கரையில் உட்காரவைத்தார்.

அவர் காத்திருந்ததை உனக்குச் சொல்கிறேன்.

அன்றைக்கு உனக்கென்று நான் சுட்ட கிளுவை முதல் தடவையே விழுந்தது. மாப்பிள்ளை பிஸ்மில்லா சொல்லி அறுத்து, பையில் போட்டுவிட்டார். "ஒண்ணு போதும் மச்சான், நஜீமா காத்துக்கிட்டிருக்கும், போயிடலாம்" என்றார். எனக்குத்தான் கை அரித்தது. இன்னொன்றைச் சுட்டேன். அது ஆழத்தில் விழுந்து துடித்தது. "ஓடுங்க மாப்ளே, உயிர் போறதுக்குள்ள அறுக்கலேன்னா ஹராமாயிடும்" என்று விரட்டினேன். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்குத் தெரியும். கத்தியோடு இறங்கினார். ஆழத்தில் போனவரை உடம்பாகத்தான் எடுத்தோம், கத்தி கிடைக்கவேயில்லை.

தடுத்தும் கேட்காமல் இறங்கினார் என்று ஊருக்குச் சொன்னேன். முதல் கிளுவை கிடந்த பையை யாரும் பார்க்காமல் உய்யக்கொண்டான் வாய்க்காலில் வீசிவிட்டு வந்தேன். மய்யித்துக்குப் பக்கத்தில் நீ "என் நாக்குதானே கொன்னுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாய். நான் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். கோழைப் பயல். உன் பழி சுமக்க வேண்டியவன் நான், என் பழியை உன்னைச் சுமக்கவிட்டேன்.

உன் ஆசை யாரையும் கொல்லவில்லை, நஜீமா. உனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குத்தான் கிளம்பினார்.

இதை மாமாவிடம் காட்டு. ஆபிதா பெரியவளானதும் அவளுக்கும் சொல். எனக்குப் பதில் எழுத உனக்கு மனம் வராது, எழுத வேண்டாம். அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று மட்டும் மாமாவிடம் சொல்லிவிடு. இந்த நோன்பில் நான் கேட்கப்போகும் துஆ அது ஒன்றுதான். நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

அண்ணன் என்று நீ இனி சொன்னாலும் சொல்லாவிட்டாலும்,
பரக்கத் அலி